ஊருக்குப் போய் வந்த பின் பழைய சாப்பாட்டுக்கும் நடைக்கும் திரும்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் 11 வருடமாகக் காலையில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். மே விடுமுறை முடிந்து ஜூன் பிறந்தால் வகுப்பில் பாதிப் பாய் விரிக்கப்படாமலே கிடக்கும். வருகிறவர்களும் உள்ளே வரத் தயங்கிக் கதவோரம் நிற்பார்கள். ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கியவர், திருப்பதி போனவர், ரயிலில் காசிவரை போய் வந்தவர் என்று எல்லோருடைய முகத்திலும் ஏதோ தப்புச் செய்துவிட்ட வாட்டம். கேள்விகளும் வருடா வருடம் ஒன்றேதான். அதனால் அவற்றைத் தொகுத்து எழுதிவிட்டேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தில் சாப்பிட்டது பெரிய விஷயமே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயணம் நம் சமையலறையில் இன்னொரு 15 நாள் ஓடுகிறது பாருங்கள், உடம்பைக் கெடுப்பது அதுதான். நான் மருத்துவர் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு அவரவர் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

மூணு நாள்ல ரெண்டரை கிலோ ஏறிடுச்சுக்கா. அத்தனையும் கொழுப்பா?

இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். இரண்டரை கிலோவுக்கு 19,000 கலோரிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதற்கு மேல் தினமும் இருபது பரோட்டா வீதம் மூன்று நாளும் தின்றிருக்க வேண்டும். யாராலும் முடியாது.

ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். சோறு, பூரி, இனிப்பு என்று மாவுச்சத்து அதிகமாகப் போனால் உடம்பு அதில் ஒரு பங்கைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் ஈரலிலும் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டல் குழம்பு, ஊறுகாய், பஜ்ஜி, சிப்ஸ் வழியாகப் போன உப்பும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். புது இடத்தில் பலருக்கு மலம் சரியாகப் போகாது, அந்த எடையும் சேரும். வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த நாலைந்து நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில், இதெல்லாம் தானாக இறங்கிவிடும்.

அதனால் வந்து இறங்கிய மறுநாள் காலை எடை பார்க்கவே வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்து மனசு உடைந்து, "எப்படியும் போச்சு" என்று மறுபடி இனிப்பு டப்பாவைத் திறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்து, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். அப்போது மிச்சம் நிற்பதுதான் உண்மையான கணக்கு. பெரும்பாலும் அரை கிலோவுக்குள் இருக்கும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து இறங்கினா வீட்டுல ஒண்ணுமே இருக்காது. அன்னைக்கு என்ன சாப்பிடறது?

எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். பிரிட்ஜ் காலி. மாவு இல்லை. பால் இல்லை. கூடத்தில் நாலு பை, ஒரு மலை அழுக்குத் துணி. பிள்ளைகள் பசியில் சிணுங்குகிறார்கள். வழியிலேயே பரோட்டா பார்சல் வாங்கிவிடுவோம். மறுநாள் காலையும் மாவு இல்லாததால் கடை இட்லி. மத்தியானம் அசதி, ஆகவே பிரியாணி. இப்படித்தான் மூன்று நாள் பயணம் ஆறு நாள் ஆகிறது.

எங்கள் வீட்டில் வந்து இறங்கும் ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சாதம் என்று முடிவு செய்து பல வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் அளவைச் சொல்கிறேன். ஒரு கப் அரிசிக்கு அரை கப்போ அதற்கும் குறைவாகவோதான் துவரம்பருப்பு போடுவார்கள். நான் முக்கால் கப் போடுவேன். இரண்டையும் கழுவி ஊறவைத்துவிட்டுத்தான் கை கால் கழுவப் போவேன். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய், கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய், பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு. வெங்காயத்தை நறுக்கத் தெம்பிருக்காது, உரித்து முழுசாகவே போட்டுவிடலாம். தக்காளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் கடைசியில் துளி எலுமிச்சை. மஞ்சள்தூள், உப்பு, ஐந்து கப் தண்ணீர், மூன்று விசில். விசில் அடங்கும் நேரத்துக்குள் பைகளைப் பிரித்து அழுக்குத் துணியைத் தனியாகப் போட்டுவிடலாம். குக்கரைத் திறக்கும்போது வரும் அந்தப் பூண்டு வாசத்தில்தான் வீடு வந்து சேர்ந்த நினைப்பே எனக்கு வரும்.

இதற்கு வேண்டிய எதுவும் ஒரு வாரத்தில் கெட்டுப்போகாது. அதுதான் இதன் அருமை. கிளம்பும் முன்பே சின்ன வெங்காயமும் பூண்டும் கூடையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முட்டை இருந்தால் ஆளுக்கொன்று அவித்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கும்.

மறுநாள் காலை முதல் வேலை உழவர் சந்தை. அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி என்று நம் ஊரில் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்று கிட்டத்தில் இருக்கும். அங்கே நடந்து போய், இரண்டு கட்டுக் கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய் என்று நீர்க்காய்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வாருங்கள். அன்றைய நடையும் அதிலேயே முடிந்துவிடும். நாளொன்றுக்கு ஒருவருக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. பயணத்தில் இதில் கால்வாசிகூட நம் இலைக்கு வந்திருக்காது. குறையை ஈடுகட்ட வேண்டியது முதலில் இங்கேதான்.

வயிறு மந்தமா இருக்கு. ஒரு நாள் பட்டினி கிடக்கலாமா? பேதிக்குச் சாப்பிட்டா சுத்தமாயிடுமா?

பேதிக்குச் சாப்பிட வேண்டாம். விளக்கெண்ணெயோ மாத்திரையோ, வெளியேறுவது தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு இல்லை. வெயில் நாளில், அதுவும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இப்படிச் செய்து தலைசுற்றி விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கழிவை வெளியேற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் நாம் தூங்கும்போதும் செய்துகொண்டே இருக்கின்றன.

நாள் முழுக்கப் பட்டினியும் தேவையில்லை. காலையில் பட்டினி கிடந்தவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் தின்கிறார்கள். பசி இல்லாவிட்டால் ஒரு வேளையை லேசாக்கிக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அல்லது கொள்ளு ரசமும் கொஞ்சம் சோறும். தண்ணீரைக் கூடுதலாகக் குடியுங்கள். மலையின் குளிரில் தாகமே எடுக்காது, இரண்டு நாளும் பாதித் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டோம். மந்தத்துக்கும் மலச்சிக்கலுக்கும் பாதிக் காரணம் அதுதான். கொய்யா, கீரை, தண்ணீர், அரை மணி நடை இருந்தால் இரண்டு நாளில் வயிறு வழிக்கு வந்துவிடும்.

லேசா இருக்கட்டும்னு ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி உப்புமா சாப்பிடலாமில்லையா?

நம் மாவட்டத்துக்குச் சோறு போடும் பொருளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து. கிழங்கின் நாரெல்லாம் திப்பியாக ஆலையிலேயே தனியாகப் போய்விடுகிறது. 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சீக்கிரம் செரிப்பதால் லேசாகத் தோன்றுகிறது. காய்ச்சல்காரருக்கு நல்லது. எடை குறைய வேண்டியவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் அது லேசான உணவு ஆகாது. ஆசைக்குச் செய்தால் நிலக்கடலையும் காய்கறியும் நிறையச் சேர்த்துச் செய்யுங்கள்.

மூணு பை நிறைய நொறுக்குத்தீனி வாங்கிட்டு வந்துட்டோம். தூக்கிப் போடவா?

உணவை ஏன் தூக்கிப் போட வேண்டும்? ஊருக்குப் போய் வந்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது நம் வழக்கம்தானே. அதை மறுநாள் காலையிலேயே செய்துவிடுங்கள். எதிர்வீடு, பால்காரர், வீட்டு வேலைக்கு வருகிறவர், அலுவலகம், பிள்ளைகளின் டியூஷன் என்று பிரித்தால் மூன்று பையும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு சின்ன டப்பா அளவு மட்டும் வீட்டில் நிற்கட்டும், அதுவும் கையெட்டாத மேல்தட்டில்.

இன்னொன்று. ஏற்காட்டிலிருந்து சாக்லேட்டும் சிப்ஸும்தான் வாங்கி வர வேண்டுமா? மிளகு, காப்பித்தூள், கொய்யா, பட்டர் புரூட், மலை வாழைப்பழம் எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. போன முறை கால் கிலோ மிளகு வாங்கி வந்தேன். ரசத்துக்கும் அவித்த முட்டைக்கும் போட்டு, மூன்று மாதம் அந்த மலையின் வாசம் எங்கள் அடுப்படியில் இருந்தது.

பத்து நாள் பயிற்சி செய்யலை. பழையபடி முதல்ல இருந்தா?

முதலிலிருந்து வேண்டாம். பத்து நாளில் தசை பலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மூச்சுத் திறன்தான் முதலில் குறையும், அதுவும் இரண்டு வாரம் தாண்டினால்தான் நன்றாகத் தெரியும். பயணத்தில் கோயில் படி ஏறியது, பிரகாரம் சுற்றியது, பெட்டி தூக்கியது எல்லாமே உடம்புக்கு வேலைதான்.

என்றாலும் முதல் நாளே பழைய அளவுக்குப் பாயக் கூடாது. என் வகுப்பில் முதல் இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், பிறகு முழுசு என்று வைத்திருக்கிறேன். எடை தூக்குபவர்கள் முன்பு தூக்கியதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் இதையே வாரக் கணக்கில் நீட்டிக்கொள்ளுங்கள். பயணத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் அது முழுதாக விட்டு இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் பாயை விரிக்க வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்து "கழித்துவிடலாம்" என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தண்டனையாக ஒரு நாள் செய்த பயிற்சியை மறுநாள் உடம்பு வெறுக்கும்.

ஏற்காட்டுல நடந்ததுல தொடை இன்னும் வலிக்குதுங்க. படி இறங்கவே முடியல. ஏதாவது கிழிஞ்சிருக்குமா?

பயப்பட ஒன்றுமில்லை. கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறியவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் நடந்து இறங்கியவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், ஆனால் வலி வருவது இறக்கத்தால். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேலைக்குப் பழகாத தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காயம் ஏற்படும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்தில் இருக்கும், நாலைந்து நாளில் போய்விடும். படுத்தே இருக்காமல் சமதளத்தில் மெதுவாக நடங்கள், வெந்நீரில் குளியுங்கள். சில வாரத்துக்குள் மறுபடி மலைக்குப் போனால் இதே வலி பாதிகூட இருக்காது, தசை கற்றுக்கொண்டிருக்கும்.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது என்றால், சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் உடனே போங்கள். நீண்ட நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்து வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவி விடாதீர்கள். இரண்டு பாதமும் சமமாக லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் உட்கார்ந்து வந்த வீக்கம்தான், ஓரிரு நாளில் வடியும். கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

மலையில அவ்வளவு மூச்சு வாங்குச்சே, நான் அவ்வளவு பலவீனமாவா இருக்கேன்?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அங்கே காற்றழுத்தம் கொஞ்சம் குறைவு, ஆக ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் கொஞ்சம் குறையும். ஆனால் பெரிய காரணம் ஏற்றம்தான். தினமும் சமதளத்தில் நடக்கும் கால்களுக்கு ஏற்றம் வேறு பாடம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டு மாடிப்படியை ஐந்தாறு முறை ஏறி இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் அது வேறு விஷயம், காட்டிவிட வேண்டும்.

எங்கே நடக்கிறது, எவ்வளவு நடக்கிறது? பத்தாயிரம் அடி ஆகணுமா?

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடை எண்ணும் கருவி ஒன்றின் பெயருக்கே "பத்தாயிரம் அடி அளவி" என்றுதான் பொருள். அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் போதும்.

காந்தி விளையாட்டரங்கம், மூக்கனேரிக் கரை, ஏற்காடு அடிவாரச் சாலை, எது கிட்டமோ அது. மூக்கனேரிப் பக்கம் போகிறவர்களுக்குப் பறவை பார்ப்பதிலேயே அரை மணி ஓடிவிடும். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று எல்லா மாவட்டங்களிலும் அரசு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் கொண்டுவந்தது. அத்தனை தூரம் முதல் வாரத்திலேயே வேண்டாம்.

குளிர்ச்சியான இடத்திலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். ஒரு வாரம் குளிரில் இருந்த உடம்பு வெயிலுக்கு மறுபடி பழகச் சில நாள் எடுத்துக்கொள்ளும். வந்ததும் நீர்மோர் குடியுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

மலையில சாமை அரிசி வாங்கிட்டு வந்தேன். சோத்துக்குப் பதிலா அதை எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமா?

நல்ல பொருள் வாங்கியிருக்கிறீர்கள். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைவித்து உண்டே அந்த ஏற்ற இறக்கங்களில் வாழ்ந்தவர்கள். ஆனால் "எவ்வளவு வேண்டுமானாலும்" கிடையாது. சாமையிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். நார்ச்சத்து கூட இருப்பதால் வயிறு நிறைந்து நிற்கும், அந்த லாபமும் வெள்ளையாகத் தீட்டிய சாமையில் குறைந்துவிடும். கொஞ்சம் பழுப்பு நிறத்தில் இருப்பதையே வாங்குங்கள். பயணம் முடிந்து வயிறு மந்தமாக இருக்கும் வாரத்தில் திடீரென்று மூன்று வேளையும் சிறுதானியம் வேண்டாம், உப்புசம் வரும். ஒரு வேளையாகத் தொடங்கி, கூடக் கொள்ளுக் கடைசலோ பச்சைப்பயறோ வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை இருக்கு. வந்து பார்த்தா அளவு ஏறியிருக்கு. மாத்திரையை ஒண்ணு கூடப் போட்டுக்கவா?

கூடவே கூடாது. நீங்களாக மாத்திரையைக் கூட்டினால் சாப்பாடு பழைய அளவுக்கு இறங்கியதும் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். பழைய மருந்தை அதே நேரத்தில், அதே அளவில். சாப்பாடு ஒழுங்கானால் பெரும்பாலும் சில நாளில் இறங்கும். ஒரு வாரம் ஆகியும் இறங்காவிட்டாலோ, நாக்கு வறண்டு அடிக்கடி சிறுநீர் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைப் பயணத்தில் விட்டுவிட்டீர்கள் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதிப்பவர்களிடமும் சொல்லலாம்.

இன்னும் ஒன்று, பாதத்தைப் பாருங்கள். என் மாமியார் புதுச் செருப்போடு இரண்டு நாள் கோயில் சுற்றிவிட்டு வந்தார். சுண்டுவிரலோரம் கொப்புளம் உடைந்திருந்தது அவருக்கே தெரியவில்லை. குளித்த பிறகு கால் துடைக்கும்போது துண்டில் ஈரம் பட்டதைப் பார்த்து நான்தான் குனிந்து பார்த்தேன். அது ஆற ஐந்து வாரம் ஆனது. ஊர் போய் வந்த ராத்திரியே விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

மாம்பழ சீசன்ல போய் இதெல்லாம் சொல்றீங்களே. தட்டுவடை செட்டும் கூடாதா?

சேலத்தில் இருந்துகொண்டு மல்கோவாவை விடச் சொன்னால் என் வீட்டிலேயே கேட்க மாட்டார்கள். ஆளுக்கு முழுப் பழம் என்று இல்லாமல் நறுக்கி எல்லோருக்கும் வைத்தால், ஒருவருக்கு இரண்டு மூன்று துண்டு வரும். சாப்பாடு முடித்த கையோடு வேண்டாம், பதினோரு மணிப் பசிக்குச் சாப்பிடுங்கள். சாறு வேண்டாம். தட்டுவடை செட்டில் கேரட், பீட்ரூட், வெங்காயம் இருந்தாலும் தட்டுவடை எண்ணெயில் பொரித்ததுதானே. வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரு செட், கடைவரை நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்புங்கள்.

வந்ததுல இருந்து தூக்கமே சரியில்லை. பகல் பூரா காப்பி வேண்டியிருக்கு.

பயணத்தில் காப்பி எண்ணிக்கை ஏறியிருக்கும். ஒரு தம்ளரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 10 கிராம், ஐந்து தம்ளருக்கு 50 கிராம். அதைவிடத் தூக்கத்தைக் கெடுப்பது கடைசித் தம்ளர். காப்பியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மூன்று மணிக்கு மேல் காப்பியை நிறுத்துங்கள். பகல் தூக்கத்தை அரை மணியோடு எழுப்பிவிடச் சொல்லுங்கள். தூக்கம் குறைந்த நாளில் இனிப்பும் பொரித்ததும் கூடுதலாகக் கேட்கும், அது உங்கள் மன உறுதியின் குறை இல்லை.

நான் மட்டும் கட்டுப்பாடா இருந்து என்னக்கா பண்றது? வீட்டுக்காரரும் பசங்களும் கேக்க மாட்டேங்கறாங்க.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். பயணத்துக்குப் பை கட்டியதும் நீங்கள், வந்து துணி துவைப்பதும் நீங்கள், எல்லோருடைய உடம்பையும் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டியதும் நீங்கள்தான் என்றால் உங்களுக்கு நடக்க ஏது நேரம்? வந்த வாரத்தில் உங்கள் அரை மணி நடை விட்டுப்போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வேலைச் சுமை.

பிரித்துக் கொடுங்கள். சந்தைக்குப் போவது வீட்டுக்காரர். பூண்டு, வெங்காயம் உரிப்பதும் துணி மடிப்பதும் பிள்ளைகள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கீரை ஆயத் தெரியும், கற்றுக்கொடுத்தால். தனித்தனிச் சமையல் செய்யாதீர்கள், அது உங்களைத்தான் முறிக்கும். எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், உங்கள் தட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறட்டும். குழந்தைகள் காதில் விழும்படி "குண்டாயிட்டேன்" என்று சொல்லாதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் முன்னால்.

அடுத்த தடவை போறப்போ என்ன பண்ணலாம்?

நன்றாகச் சாப்பிடுங்கள், ஊர் சுற்றிப் பாருங்கள். ஒரே ஒரு வேளை, காலைச் சாப்பாட்டை மட்டும் வழக்கம்போல இட்லி, முட்டை, பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை அவரவர் கையில் கொடுங்கள். முடிந்தால் ஞாயிறு ராத்திரி திரும்பாமல் சனிக்கிழமை திரும்புங்கள். வீட்டில் கிடைக்கும் அந்த ஒரு நாள் எந்த உணவுத் திட்டத்தைவிடவும் பெரிய உதவி.

ஊர்ல இருந்து வந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னும் ஆரம்பிக்கவே முடியல. இனிமே முடியுமா?

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு வருடம் ராமேஸ்வரம், காசி என்று 16 நாள் போய் வந்தோம். வந்த பிறகு நாலு மாதம் நான் நடக்கப் போகவில்லை. அப்போது வகுப்பெல்லாம் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் "நாளையிலிருந்து" என்று நினைப்பேன். திங்கள் காலை அடுப்பு, பள்ளிக்கூடம், அதோடு போய்விடும்.

ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டு அக்கா, தலையில் ஸ்கார்ப் கட்டி, கையில் பால் தூக்குப்போசியோடு நின்றார். "எனக்குத் தனியாப் போக இருட்டா இருக்கு, தெருமுனை வரைக்கும் வா" என்றார். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். பத்து நிமிடம் இருக்கும். பால் வாங்கிக்கொண்டு திரும்பினோம், வழியில் காசியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே வந்தார். மறுநாளும் அதே நேரம் கதவைத் தட்டினார்.

ஒரு மாதம் தள்ளிப்போனவர்கள் எனக்குச் சொல்லியனுப்புங்கள். உங்கள் தெருவில் இருந்து யார் வகுப்புக்கு வருகிறார் என்று பார்த்து, காலையில் உங்கள் வாசல் வழியாக வரச் சொல்கிறேன்.